அறுகம்புல்லா, அருகம்புல்லா? பெயரையும் புல்லையும் பற்றி ஒரு கேள்வி

வரப்போரம் எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில் இருக்கிற புல் பூண்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு கையேடாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் செடியைப் பிடுங்கி வந்து காய வைத்து ஒட்டுகிறார்கள், பெரியவர்களிடம் பெயர் கேட்டு எழுதுகிறார்கள், அதோடு எந்தக் கால்நடை அதைத் தின்னும், எப்போது முளைக்கும், வீட்டில் எதற்குப் பயன்படும் என்றும் ஒரு பத்தி எழுதுகிறார்கள். வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த புல்லில்தான் வந்து நிற்கிறது.

ஒரு பிள்ளை அருகம்புல் என்று எழுதியிருக்கிறது, இன்னொன்று அறுகம்புல் என்று. நாட்டு மருந்துக்கடைப் பொட்டலத்தில் சின்ன ர, கோயில் அர்ச்சனைச் சீட்டில் பெரிய ற. ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்வதே இல்லை, அருகு, அருகம்பில்லு என்றுதான் சொல்கிறார்கள், அதைக் காதால் கேட்டு எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க முடியாது. "அருகருகே படர்வதால் அருகு" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். "பாவத்தை அறுப்பதால் அறுகு" என்று இன்னொருவர். இரண்டும் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அச்சில் போடுகிற கையேட்டில் கேட்க அழகாக இருப்பதை மட்டும் வைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளறுகு என்று ஒரு செடியை ஒரு பாட்டி காட்டினார். அது புல் மாதிரியே இல்லை, அகலமான எதிரெதிர் இலை, வெள்ளைப் பூ. அப்படியானால் அறுகு என்பது ஒரே புல்லின் பெயரா, பல செடிகளுக்குப் பொதுப்பெயரா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு அப்படியே எடுத்துச் சொல்லலாம்.


ஏட்டுமணி எழுதியது:

நல்ல வேலை செய்கிறீர்கள் ஐயா. எழுத்து விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம்: பழைய வடிவம் பெரிய ற போட்ட அறுகு. அறுகை என்றும் வரும்.

இதற்கு அகராதி மட்டும் சான்று இல்லை, அகநானூறே இருக்கிறது. 136ஆம் பாட்டு, விற்றூற்று மூதெயினனார் பாடியது, மருதத் திணை. தலைவன் தன் கல்யாண நாளை நினைத்துப் பார்க்கிற பாட்டு. நெய் ஒழுகும் வெண்சோறு, விருந்தினர், நல்ல நாள், மணல் பரப்பிய பந்தல் என்று ஒரு திருமணம் முழுதாக அதில் இருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் மணமகளுக்கு வாகை இலையோடு சேர்த்து வெள்ளை நூலில் கோத்துச் சூட்டுவது இந்தப் புல்லின் முளையைத்தான். "பழங்கன்று கறித்த பயம்பமல் அறுகை" என்று வரும். பழங்கன்று என்றால் கொஞ்சம் வளர்ந்த கன்று, கறித்தல் கடித்துத் தின்பது, பயம்பு பள்ளம், அமல்தல் நெருங்கி வளர்வது. கன்று மேய்ந்த, பள்ளத்தில் அடர்ந்து கிடக்கிற அறுகு. உங்கள் கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது, ஏனென்றால் ஒரே அடியில் எந்த விலங்கு தின்னும், எந்த இடத்தில் வளரும் இரண்டையும் சொல்லிவிடுகிறார்.

திருவாசகத்திலும் உண்டு. திருப்பொற்சுண்ணத்தில் "அறுகெடுப்பார் அயனும் அரியும்" என்கிறார் மாணிக்கவாசகர். அறுகெடுத்தல் என்பது அறுகைக் கையில் எடுத்து வாழ்த்துவது, வழிபடுவது. ஒரு புல்லின் பெயர் ஒரு வினையாகவே ஆகிவிட்டது பாருங்கள்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பதிற்றுப்பத்தில் அறுகை என்று ஒரு குறுநில மன்னன் வருகிறான், அது ஆள் பெயர். அகராதியில் அறுகு என்பதற்குச் சிங்கம், யாளி என்ற பொருளும் இருக்கும். பிள்ளைகள் இணையத்தில் தேடி எல்லாவற்றையும் புல்லின் கணக்கில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலக்கணமும் ஒரு வரி. அறுகு, அம் சாரியை, புல் மூன்றும் சேர்ந்து அறுகம்புல். புளி, பழம் சேர்ந்து புளியம்பழம் ஆகிற அதே வழிதான். அடுத்து ககரம் வந்தால் அந்த மகரம் ஙகரமாகும், அதனால்தான் அறுகங்கட்டை, அறுகங்காடு. "அறுகங்கட்டையும் ஆபத்துக்கு உதவும்" என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள், கட்டை என்பது அங்கே தரைக்குள் ஓடும் அதன் தண்டு.

அருகருகே படர்வதால் அருகு என்ற விளக்கத்தைத் தயவுசெய்து அச்சில் போடாதீர்கள். எழுத்து மாறிய பிறகு, மாறிய எழுத்துக்குப் பொருத்தமாகச் சொன்ன காரணம் அது.


நாஞ்சில்கரை எழுதியது:

ஏட்டுமணி ஐயா சொன்னதோடு காதால் கேட்கிற சான்று ஒன்றையும் சேர்க்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சில் ர, ற இரண்டையும் இன்னும் வேறாகத்தான் சொல்லுவோம். மரம் என்பதில் வருகிற ஒலி வேறு, மறம் என்பதில் வருகிறது வேறு. வயதானவர்கள் வாயில் இந்தப் புல்லின் பெயர் வரும்போது அழுத்தமான ற கேட்கும். தமிழ்நாட்டின் மற்ற பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டு ஒலியும் ஒன்றாகிப் போனதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. காதில் வேறுபாடு இல்லாதபோது கை எதை வேண்டுமானாலும் எழுதும்.

மலையாளத்தில் இதற்குக் கறுக என்று பெயர், அவர்களும் வல்லின ற போட்டுத்தான் எழுதுகிறார்கள், அங்கே இரண்டு ஒலியும் பேச்சில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். கேரளத்தில் தசபுஷ்பம் என்று பத்துச் செடிகளை மங்கலமாகச் சேர்த்து வைப்பார்கள், கறுக அதில் ஒன்று. தெலுங்கில் கரிக, கன்னடத்தில் கரிகே. அந்த இரண்டு மொழியிலும் ர, ற பிரிவு எழுத்திலிருந்தே போய்விட்டதால் நம் எழுத்துச் சண்டைக்கு அவை உதவா. ஆனால் மூன்று மொழியிலும் பெயர் ஒரு க ஒலியில் தொடங்குவதைப் பாருங்கள். அப்புறம் "பாவத்தை அறுப்பதால் அறுகு" என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வீடுகளில் எல்லாம் கறுக, கரிக என்று இருக்கும்போது அறு என்கிற தமிழ் வினையிலிருந்து மட்டும் இதைப் பிரித்துக் காட்டுவது எனக்குப் பொருந்தவில்லை.


கிளுவைவேலி எழுதியது:

நான் காங்கேயம் பக்கம், கொறங்காட்டில் ஆடு மாடு மேய்க்கிற குடும்பம். எழுத்தைப் பற்றிப் பேச வரவில்லை, புல்லைப் பற்றி ரெண்டு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில், உங்கள் கையேட்டில் மேய்ச்சல் நிலம் முழுக்க அருகு என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரத்தடியில் பரந்து கிடப்பது கொழுக்கட்டைப் புல். மாட்டுக்கு முதல் தீனி அதுதான், உயரமாக வளரும், மாடு நாக்கைச் சுழற்றிப் பிடித்து இழுத்துத் தின்னத் தோதானது. அருகு தரையோடு ஒட்டிக் கிடக்கும், நாக்கில் சிக்காது. செம்மறியும் வெள்ளாடும்தான் உதட்டாலும் பல்லாலும் ஒட்டக் கொறிக்கும். கன்றுக்குட்டியும் தின்னும், பால் மறக்கிற பருவத்தில் வாய் வைத்துப் பழகுவதற்கு அந்த மெல்லிய இலை நல்லது. அருகு எங்கே இருக்கும் என்றால் தண்ணீர் நின்று வடிகிற தாழ்வான இடம், குட்டை ஓரம், கிணற்று மேடு, பாத்தி வரப்பு. மேட்டுக் காட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது மேலே ஐயா சொன்ன பாட்டைப் படித்தேன். பள்ளத்தில் அடர்ந்த அறுகு, கன்று தின்ற அறுகு. பார்த்து எழுதியவர் எழுதியது இது, வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. மாடு தின்ற அறுகு என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

எங்கள் பேச்சில் இந்தப் பெயர் எப்படி வரும் என்றும் சொல்கிறேன். "காட்டில் அருகு பாய்ஞ்சு போச்சு" என்றால் களை பிடித்து வெள்ளாமைக்கு ஆகாமல் போய்விட்டது என்று அர்த்தம், அதைச் சொல்கிறவர் முகத்தில் சந்தோஷம் இருக்காது. அதே ஆள் "வரப்பில் அருகு பிடிச்சிருக்கு" என்றால் வரப்பு கெட்டியாக நிற்கும், மழைக்குக் கரையாது என்று திருப்தியாகச் சொல்கிறார். காட்டில் பாய்வது, வரப்பில் பிடிப்பது. புல் ஒன்று, சொல் ஒன்று, கூட வருகிற வினையில்தான் அவர் திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று தெரியும். இதைப் பிள்ளைகள் எழுதினால் நன்றாக இருக்கும்.

அருகு பாய்ந்த காட்டில் ரோட்டாவேட்டர் விட்டால் தொலைந்தது. துண்டு துண்டாக நறுக்கிக் காடு முழுக்க நாற்று நட்டது போல ஆகிவிடும், கணு இருக்கிற ஒவ்வொரு துண்டும் முளைக்கும். கோடையில் அஞ்சு கொத்துக் கலப்பையில் ஆழமாக உழுது, கட்டையை மேலே இழுத்துப்போட்டு வெயிலில் காயவிட்டுப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு தடவையில் தீராது.


வரப்போரம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கிளுவைவேலி அண்ணா, "பாய்வது, பிடிப்பது" இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். அந்தப் பாட்டில் முளையைக் கோத்துச் சூட்டினார்கள் என்கிறார் ஐயா. புல்லின் முளையில் சூட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள்.


ஏட்டுமணி எழுதியது:

அடுத்த அடிகளில் விடை இருக்கிறது. இடி முழங்கும் வானத்தின் முதல் மழைக்கு அது ஈன்ற முளை, கழுவிய நீலமணி போன்ற கரிய இதழ் உடைய பாவை என்கிறார். "மண்ணுமணி அன்ன மாயிதழ்ப் பாவை". மண்ணுதல் என்றால் கழுவுதல். பாவை என்பது கிழங்கிலிருந்து கிளம்பும் பொம்மை போன்ற மொட்டு என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். நீல நிறம் ஏன் என்பதற்கு நிலத்தில் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.


கிளுவைவேலி எழுதியது:

அது சரிதான் ஐயா. காய்ந்து கிடந்த தரையில் முதல் மழை விழுந்த பிறகு போய்க் குனிந்து பாருங்கள். கட்டையிலிருந்து புதிதாகக் கிளம்பும் முளை பச்சையாக இருக்காது. ஊசி முனை மாதிரி கூராக, ஊதா கலந்த கருநிறத்தில், செதில் செதிலாகச் சுற்றிக்கொண்டு மண்ணைக் குத்திக்கொண்டு வரும். வெளிச்சம் பட்டு இலை விரிந்த பிறகுதான் பச்சை. மழைத் தண்ணீர் கழுவிவிட்ட முளை மினுமினுப்பாக இருக்கும். பிள்ளைகளை முதல் மழை முடிந்ததும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், ஒட்டி வைத்த காய்ந்த புல்லில் இது தெரியாது.


பனைவடலி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அந்தச் சங்கப்பாட்டுக் கல்யாணத்தைப் படிக்கேக்க எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது, ஏனெண்டால் எங்கள் பக்கம் அறுகு இல்லாமல் கல்யாணம் இன்றைக்கும் இல்லை.

பால் அறுகு வைத்தல் என்று ஒரு சடங்கு உண்டு. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் அவரவர் வீட்டில் தலைமுழுக்கு நடக்கும். பாலில் அறுகம்புல்லும் சில்லறைக் காசும் போட்டு வைத்திருப்பார்கள், பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அதைக் கையால் எடுத்துத் தலையில் வைத்து வாழ்த்துவார்கள், அதுக்குப் பிறகுதான் தலைமுழுக்கு. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் செய்கிற சாமத்தியச் சடங்கிலும் இது உண்டு. பிறகு மணவறையில் அறுகரிசி போடுவது. அறுகும் அரிசியும் சேர்ந்த சொல் அது. தாலி கட்டி முடிந்த பிறகு சொந்தக்காரர் வரிசையாக வந்து அறுகரிசி இட்டு ஆசீர்வதிப்பார்கள். "அறுகரிசி போட வாங்கோ" என்று கூப்பிட்டால் மேடைக்கு வந்து வாழ்த்துங்கோ என்று பொருள். தமிழ்நாட்டில் அட்சதை என்கிற இடத்தில் எங்களுக்கு இந்தச் சொல்.

நாங்கள் பெரிய ற போட்டுத்தான் எழுதுவோம், அழைப்பிதழ், சடங்குப் புத்தகம் எல்லாவற்றிலும் அப்படித்தான். கிழக்கு மாகாணத்தில் பொத்துவிலுக்குப் பக்கத்தில் அறுகம் குடா இருக்கிறது, அலைச்சறுக்கு விளையாட உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வருகிற கடற்கரை. அந்தப் பெயரையும் அறுகம்புல்லோடு சேர்த்துத்தான் விளக்குவார்கள்.


நடப்புத்தமிழ் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பத்திரிகை, கடை, சமையல் குறிப்பு, இணையம் எங்கே பார்த்தாலும் அருகம்புல்தான் அதிகம். மொழி மாறும். கறுப்பு, கருப்பு இரண்டையும் ஏற்றுக்கொண்டோமே, இதையும் ஏற்றுக்கொண்டால் என்ன? பிள்ளை எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து அதைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன். அதன் வீட்டில் எழுதுகிறபடிதான் அது எழுதியிருக்கிறது.


ஏட்டுமணி எழுதியது:

பிள்ளையை அடிக்க வேண்டாம் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். சிவப்பு மை வேண்டவே வேண்டாம். ஆனால் கருப்பு, கறுப்பு போன்றது இல்லை இது. அங்கே இரண்டு வடிவத்துக்கும் பொருள் ஒரே பக்கம்தான் போகிறது. இங்கே அருகு என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. பெயராக வந்தால் பக்கம், ஓரம். வினையாக வந்தால் குறைந்துபோதல். அருகிவரும் உயிரினங்கள் என்று நாளிதழில் படிக்கிறோமே, அந்த அருகுதல். மேலே கிளுவைவேலி சொன்னதை வைத்துப் பாருங்கள், வெட்டினாலும் உழுதாலும் மிதித்தாலும் திரும்ப வருகிற ஒரு புல்லுக்குக் குறைந்துபோவது என்கிற சொல்லை வைத்தால் பெயருக்கும் புல்லுக்கும் ஒட்டவே ஒட்டாது. "ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரூன்றி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல்" என்று வாழ்த்துகிறோம். அந்த இடத்தில் அருகு என்று எழுதிவிட்டு, அருகிப்போவது என்ற பொருளும் பக்கத்தில் நிற்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வாழ்த்து அட்டையில் இதைத் தப்பாகப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அதனால் என் யோசனை: தலைப்புச் சொல்லாக அறுகம்புல். அதற்குக் கீழே "அருகம்புல் என்றும் எழுதுவர்" என்று ஒரு வரி. பேச்சு வழக்கு என்று போட்டு அருகு, அருகம்பில்லு. எந்தப் பிள்ளை எழுதியதும் வீணாகாது, தேடுகிறவருக்கும் எல்லா வடிவமும் கிடைக்கும்.


நடப்புத்தமிழ் எழுதியது:

அருகுதல் விஷயம் நான் யோசிக்காத கோணம். வாழ்த்துப் பாட்டில் ற வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் கடைப் பொட்டலத்தில் அருகம்புல் என்று பார்த்தால் இனியும் எனக்கு அது பிழையாகத் தோன்றாது. புல் என்று பக்கத்திலேயே இருக்கும்போது யாரும் பொருளைக் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.


கணுவேர் எழுதியது:

தாவரவியல் படித்தவன் என்ற முறையில் "எந்தப் புல்" என்ற பாதிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இதுவரை யாரும் தொடவில்லை.

அறுகம்புல்லின் அறிவியல் பெயர் சைனோடான் டாக்டைலான். லின்னேயஸ் 1753இல் இதை வேறு பேரினத்தில் வைத்தார், பெர்சூன் 1805இல் இப்போதுள்ள பெயரைக் கொடுத்தார். சைனோடான் என்றால் நாய்ப்பல். தண்டில் இருக்கும் கூரான செதில்களைப் பார்த்து வைத்த பெயர், மேலே அண்ணன் சொன்ன ஊசி முளைதான் அது. டாக்டைலான் விரல். பூங்கதிரைப் பார்த்தால் புரியும், தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து மூன்று முதல் ஆறு வரை மெல்லிய கதிர்கள் விரல் விரித்தாற்போல் வரும். அமெரிக்காவில் பெர்முடா புல் என்கிறார்கள், ஆனால் பெர்முடா தீவு அதன் பூர்வீகம் இல்லை, பழைய உலகத்துப் புல் அது. ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் இதைக் கலப்புச் செய்து, கோஸ்டல் என்ற தீவன ரகத்தை 1943இல் வெளியிட்டார்கள். அங்கே அதை வளர்த்துக் கட்டுக்கட்டாகக் காயவைத்து மாட்டுக்குப் போடுகிறார்கள். ஆனால் 1977இல் உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது கோரைக்கு அடுத்த இடம் இந்தப் புல்லுக்குத்தான் கிடைத்தது. பாய்வதும் பிடிப்பதும் நம் ஊரில் மட்டும் இல்லை.

அடையாளம் காண்பது முக்கியம், ஏனென்றால் விரல் மாதிரிக் கதிர் வைக்கும் புல் வேறு பலவும் உண்டு. கேழ்வரகின் காட்டு உறவான ஒரு புல் வரப்பில் நிறைய வரும், அதன் விரல்கள் தடித்துத் தட்டையாக இருக்கும், தூரோடு கொத்தாக நிற்கும், தரையில் ஓடாது. அறுகு ஓடும். ஓடுகிற தண்டின் கணுவில் வேர் இறங்கியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். இலை தண்டோடு சேரும் இடத்தில் வெள்ளை மயிர் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள், கைக்கண்ணாடி இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கணுவில் வேர், மெல்லிய விரல்கள், வெள்ளை மயிர் மூன்றும் இருந்தால் துணிந்து எழுதலாம். சாறு குடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது இன்னும் அவசியம், களைக்கொல்லி தெளித்த வரப்பில் பிடுங்காமல் இருப்பதும்தான்.

பாட்டி காட்டிய வெள்ளறுகு புல்லே இல்லை. ஜென்சியானேசி என்ற குடும்பத்தைச் சேர்ந்த சின்னச் செடி, கடுங்கசப்பு, சித்த மருத்துவத்தில் பயன்படுத்துகிறார்கள். பெயரின் முடிவில் அறுகு இருப்பதால் அறுகின் ஒரு வகை என்று எழுதிவிடக் கூடாது. அதற்குத் தனிப்பக்கம் கொடுங்கள். பாட்டி சொன்ன பெயர் சரி, அது புல் இல்லை என்று நீங்கள் சந்தேகப்பட்டதும் சரி.

தர்ப்பையும் அறுகும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தர்ப்பை ஆளுயரம் வரை போகக்கூடிய, விளிம்பு கையைக் கிழிக்கும் புல். கிரகணத்தின்போது தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுவதும், சடங்கில் விரலில் மோதிரமாகச் சுற்றுவதும் அது. பிள்ளையாருக்கு மாலையாகச் சாத்துவது அறுகு. அனலாசுரனை விழுங்கிய பிள்ளையாரின் வயிற்றுச் சூட்டை அறுகு தணித்தது என்ற கதையைப் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். கிரகணத்துக்குத் தர்ப்பை கிடைக்காத வீட்டில் அறுகைப் போடுவதும் உண்டு, குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.


வரப்போரம் எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்திருப்பது இது: தலைப்பு அறுகம்புல், கீழே மற்ற வடிவங்கள். பாட்டிலிருந்து அந்த ஒரு அடி, பொருளோடு. பாய்வது, பிடிப்பது என்ற பேச்சு வழக்குக்கு ஒரு கட்டம். பால் அறுகு, அறுகரிசி பற்றி ஒரு பத்தி, அதில் பனைவடலி எழுதியதைக் கொஞ்சம் சுருக்கிப் போடலாம் என்றால் அனுமதி வேண்டும். வெள்ளறுகும் கொழுக்கட்டைப் புல்லும் தனித்தனிப் பக்கம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் ஒரு தாழ்வான மேய்ச்சல் துண்டுக்கு அருகங்காட்டுப் பள்ளம் என்று பெயர் சொல்கிறார்கள், எந்தப் பதிவேட்டிலும் இல்லை, வாய்வழிப் பெயர்தான். கையேட்டின் வரைபடத்தில் அதை எப்படி எழுதுவது?


பனைவடலி எழுதியது:

தாராளமாகப் போடுங்கோ. சுருக்கும்போது பால் அறுகையும் அறுகரிசியையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். முதலாவது தலைமுழுக்குக்கு முன், இரண்டாவது தாலி கட்டிய பின்.


ஏட்டுமணி எழுதியது:

அங்கே இந்தப் புல் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள். கணுவேர் சொன்ன மூன்று அடையாளமும் இருந்தால் அறுகங்காட்டுப் பள்ளம் என்றே வரைபடத்தில் எழுதலாம், ஊரார் சொல்லும் உச்சரிப்பைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். புல் இல்லையென்றால் அருகில் இருக்கும் காடு என்ற பொருளிலும் அந்தப் பெயர் வந்திருக்கலாம், அப்போது ஊரார் வாயில் இருக்கிறபடி சின்ன ரகரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.


கிளுவைவேலி எழுதியது:

பள்ளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாலே புல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இப்போது மேலே எதுவும் தெரியாவிட்டாலும் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள், கட்டை கிடக்கும்.